பட்டை தீட்டப் போறீங்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் கூழாங்கல் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "தெளிவான படிகம் கிடைத்தால் வீட்டிலேயே பட்டை தீட்டலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுப் பக்கமும். முக்கால்வாசி சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கல் பட்டை தீட்டுவதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் "இந்த வயசுல சாணை பிடிக்கப் போறீங்களா" என்று சிரிக்கிறார்கள். என்னென்ன வேண்டும், முதலில் எந்தக் கல்லில் ஆரம்பிப்பது? – அஸ்தம்பட்டி

சிரிக்கட்டும் சார், முதல் கல் மின்னியதும் அதே வீட்டில் "எனக்கு ஒரு ஜோடி தோட்டுக்கு" என்று கேட்பார்கள். வயது இதற்குத் தடையே இல்லை, கண்ணாடி போட்டாவது கண் தெரிந்தால் போதும், கை லேசாக நடுங்கினாலும் பரவாயில்லை, ஏனென்றால் கல்லைப் பிடித்துக்கொள்வது உங்கள் கை இல்லை, மிஷின்.

வேலை இதுதான். கல்லை ஒரு சின்னப் பித்தளைக் குச்சியின் நுனியில் அரக்கு வைத்து ஒட்டுகிறோம். அந்தக் குச்சியை மிஷினின் கைப்பிடியில் மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் தட்டின் மேல் இறக்குகிறோம். ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, கல் தட்டின் மேல் எத்தனை டிகிரி சாய்ந்து இறங்குகிறது என்பது. இன்னொன்று, குச்சி தன்னைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது. அதற்கு ஒரு பல்சக்கரம் இருக்கும், பெரும்பாலும் 96 பல். எட்டுப் பட்டை வேண்டுமா, 12 பல்லுக்கு ஒரு முறை நிறுத்துங்கள்: 96, 12, 24, 36 என்று. பதினாறு வேண்டுமா, 6 பல்லுக்கு ஒரு முறை. வட்ட பிரில்லியன்ட் என்று கடையில் சொல்கிறார்களே, அதில் மேல்பாகத்தில் 33 பட்டை, அடிப்பாகத்தில் 24, ஆக 57. மேல்பாகமும் அடிப்பாகமும் சேருகிற இடுப்பில் போடும் சின்னப் பட்டைகள் இந்தக் கணக்கில் வராது. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் எந்த எண்ணில் எந்தப் பட்டை என்று எழுதிய படம் பக்கத்திலேயே இருக்கும், பேங்க் லெட்ஜர் பார்த்துப் பழகியவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

தட்டுகள் நாலைந்து வேண்டும். வைரத்தூள் பதித்தவை, எண் ஏற ஏறத் தூள் நைசாகும்: உருவம் கொண்டுவர 260 அல்லது 360, பிறகு 600, பிறகு 1200, முடிந்தால் 3000. கடைசியில் பாலிஷ் தட்டு ஒன்று, அதன் மேல் சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும்; படிகத்துக்கு, அதாவது குவார்ட்ஸுக்கு, அது போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று, அளவெடுக்க வெர்னியர் ஒன்று, கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று. மார்க்கர் எதற்கு என்று கேட்பீர்கள். பட்டையின் மேல் மை பூசிவிட்டு தட்டில் ஒரு நொடி தொட்டு எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் மை போயிருக்கிறதோ அங்கேதான் தட்டு படுகிறது என்று தெரிந்துவிடும். பழகியவர்கள்கூட இதை விடுவதில்லை.

குச்சிகளைத் தனியாக விலை கொடுத்து வாங்குவதற்கு முன் நம் ஊர் லேத் பட்டறையில் ஒன்று கடைந்து வாங்கிப் பாருங்கள். நேராக இருக்க வேண்டும், நுனி நடுமத்தியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சேலத்தில் அதற்கா ஆள் பஞ்சம்!

மிஷின்தான் செலவு. கம்பம் நட்டு, கோணத்தை நுணுக்கமாகக் காட்டும் வெளிநாட்டு வகை வரியெல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் போய்விடும். கைப்பிடியை ஒரு முட்டுப் பலகையில் சாய்த்து வைத்து வெட்டும் எளிய வகை அதைவிட மிகவும் குறைவு, ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் வாங்குவதற்கு முன் தட்டைச் சுழலவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், ஓரம் மேலும் கீழும் ஆடினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆடுகிற தட்டில் தட்டையான பட்டை வரவே வராது, நீங்கள் உங்கள் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் கல் நிறமில்லாத படிகம். கடினம் மோஸ் அளவில் 7 (வைரத்துக்கு 10), தானாகப் பிளந்துகொள்ளும் தளம் இல்லை, விலையும் சொற்பம். 12 மில்லிமீட்டர் சுமாருக்கு, விரிசல் இல்லாத துண்டாக எடுங்கள். சின்னதாக எடுத்தால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், சின்னக் கல்லில் பட்டை ஒரு நொடியில் எல்லை தாண்டிவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்: கச்சாக் கல்லின் எடையில் கால் பங்கு கையில் நின்றால் நல்ல வெட்டு. மீதியெல்லாம் சேறாகப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பஃபிங் மோட்டார் வீட்டிலேயே இருக்கிறது. அதிலேயே சாணைக்கல்லை மாட்டிக் கல் தீட்டலாமா? தனி மிஷினுக்குக் காசு மிச்சமாகுமே. – செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம் அம்மா. இரண்டு காரணம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னது: அந்த மோட்டார் நிமிடத்துக்கு 2800 சுற்று அளவில் ஓடும், கல்லுக்கு அது பேய் வேகம், சூடேறி அரக்கு இளகிக் கல் பறந்துவிடும். போதாததற்கு வெள்ளித் தூளும் பஃபிங் சோப்பும் அங்கே எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். கல்லை பாலிஷ் செய்கிற மேஜையில் அதில் ஒரு துணுக்கு விழுந்தால் அன்றைக்குக் கீறல்தான்.

பெரியது தூசி. படிகம் என்பது சிலிக்கா. அதைக் காய்ந்த நிலையில் அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்ப வராது. கல் உடைக்கும் இடங்களிலும் குவாரிகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு வருகிற சிலிகோசிஸ் இதனால்தான், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல் எப்போதும் ஈரத்தில்தான் அரைபட வேண்டும். கச்சாக் கல்லைத் துண்டு போடுவதும் தண்ணீரில் நனையும் பிளேடில்தான், ஆங்கிள் கிரைண்டரைக் கையில் எடுக்கவே கூடாது. சிந்திய சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

பட்டறை அனுபவம் வீணாகாது. வெட்டி முடித்த கல்லைப் பதிக்க வெள்ளியில் கூடு செய்து தர உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார், அதற்குத்தான் மற்றவர்கள் அலைகிறார்கள்.

நான் நிலவியல் மாணவன். நம்ம சேலம் மாவட்டத்துக் கல்லிலேயே பட்டை தீட்டினால் என்ன? வெள்ளைக்கல், கஞ்சமலைக் கல் எல்லாம் இருக்கிறதே? – கருப்பூர்

உங்கள் ஊர்ப் பாசம் புரிகிறது தம்பி, ஆனால் பட்டை தீட்ட ஒளி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், ஒளி புகாது, கடினமும் 4 சுமார்தான். அது இரும்பு ஆலை உலைக்குச் செங்கல் ஆகிற சரக்கு. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், இரும்புத்தாது. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட், கட்டடத்துக்கு அருமை, மோதிரத்துக்கு இல்லை. மலை உச்சியில் இருக்கும் பாக்சைட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ரோட்டோரம் கிடக்கும் வெங்கச்சாங்கல் படிகம்தான், ஆனால் பால் மாதிரி வெளுத்து உள்ளெல்லாம் நுண்விரிசலாக இருக்கும். பாறைகளில் சிவப்பு கார்னெட் கண்ணில் படும், பெரும்பாலும் நொறுங்கியது, அரிசி அளவுக்குத் தெளிவாக ஒன்று கிடைத்தாலே கொண்டாடலாம். கொஞ்சம் தள்ளி, முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் இருக்கும் சித்தம்பூண்டிதான் சுவாரசியமான இடம். அங்குள்ள அனார்த்தசைட் பாறையில் இளஞ்சிவப்புக் குருந்தம் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமமோ அதே கனிமம்தான். அதற்காகக் கனவு காண வேண்டாம், ஒளி ஊடுருவாத ரகம்தான் அதிகம், பட்டை போடாமல் குமிழ் மாதிரி மொழுக்கென்று தேய்க்கத்தான் ஆகும். அதே பாறையை இடித்துத்தான் சந்திரயான் 2-க்காக இஸ்ரோ நிலவு மண் மாதிரி தயாரித்தது, அந்த வேலையில் உங்கள் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் பங்கு உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெளிவான ரத்தினம் என்று போனால் காங்கேயம், கரூர் பக்கம் போக வேண்டும். காங்கேயத்தில் அக்வாமரைன், சந்திரகாந்தம் இரண்டும் கிடைக்கும், தீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. காப்புக்காட்டிலிருந்து கல் எடுப்பது குற்றம், குத்தகைச் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போவதும் குற்றம், "படிக்கிற பையன் சார்" என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. கையில் ஒரு எளிய மிஷின் இருக்கிறது. வரவழைத்த அமெதிஸ்ட் கல்லில் 8 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டினேன். ஓரமெல்லாம் மின்னுகிறது, நடுவில் மட்டும் வெறும் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறது, செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்துகூடத் தெரிகிறது. பாலிஷ் போதவில்லையா? படம் நீலக்கல்லுக்கானது, அடிப்பாகம் 38 டிகிரி. – ஏற்காடு

பாலிஷ் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளியைக் கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள்: 38 டிகிரி.

மேலேயிருந்து கல்லுக்குள் இறங்கும் ஒளி அடிப்பாகப் பட்டையில் மோதி, எதிர்ப்பக்கப் பட்டைக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி மேலே உங்கள் கண்ணுக்கு வர வேண்டும். அப்படித் திருப்பி அனுப்ப அடியில் ரசம் எதுவும் பூசவில்லை, கோணம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பள்ளியில் படித்த மாறுநிலைக் கோணம் ஞாபகம் இருக்கிறதா? அமெதிஸ்ட் படிக வகை, ஒளிவிலகல் எண் 1.54, அதற்கு மாறுநிலைக் கோணம் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. அதற்குக் கீழே எந்தக் கோணத்தில் ஒளி மோதினாலும் பெரும்பகுதி வெளியே ஓடிவிடும். நீலக்கல்லுக்கு எண் 1.76, மாறுநிலை 35 டிகிரிக்கும் கீழே, அதனால் அங்கே 38 தாராளம். அதே 38 உங்கள் கல்லில் அடியில்லாத குடம். ஒளி நேராகக் கீழே போய்ச் செய்தித்தாளைத் தொட்டு எழுத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

படிகத்துக்கு 42, 43 வையுங்கள். சரியாக 41-இல் வைத்தால் நேராகப் பார்க்கும்போது நன்றாக இருக்கும், விரலை லேசாகச் சாய்த்தால் மறுபடி வெறிச்சோடும். அதற்காக 48, 50 என்று ஏற்றவும் கூடாது. முதல் பட்டையில் திரும்பிய ஒளி எதிர்ப்பட்டையில் போதுமான கோணத்தில் மோதாமல் அங்கே வெளியேறிவிடும், நடுவில் கறுப்பாகத் தெரியும். மிஷினில் கோணக்காட்டி ஒரு டிகிரி தப்பாகக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், எளிய மிஷின்களில் அது சகஜம்.

இப்போது அந்தக் கல்லைத் தூக்கிப் போட வேண்டாம், திருத்தலாம். ஆனால் கணக்கு உண்டு. 8 மி.மீ. அகலத்துக்கு 38 டிகிரியில் அடிப்பாகம் சுமார் 3.1 மி.மீ. ஆழம் இருக்கும். அதே அகலத்தில் 43 டிகிரி வேண்டுமென்றால் 3.7 வேண்டும். இல்லாத அந்த 0.6 மி.மீ. எங்கிருந்தும் வராது, அதனால் அகலம்தான் குறையும், 7 மி.மீ. சொச்சத்துக்கு இறங்கும். இடுப்பு மேலே ஏறி மேல்பாகத்துக்குள் போகும், ஆகவே மேல்பாகத்தையும் புதிதாக ஒரு முறை தொட்டுத்தான் ஆக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைச் செய்வேன். சின்னதாக இருந்தாலும் முழுக்க மின்னுகிற கல் ஒரு ரகம், பெரிதாக இருந்து நடுவில் எழுத்து தெரிகிற கல் வேறு ரகம். சந்தையில் இரண்டாவது ரகம்தான் அதிகம் விற்கிறது, எடைக்குக் காசு என்பதால் கச்சாவை வீணாக்காமல் தட்டையாக வெட்டிவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பொழுதுபோக்குக்காரனுக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான்.

அமெதிஸ்ட் என்பதால் இன்னும் ஒரு விஷயம். அதில் ஊதா நிறம் சமமாக இருக்காது, பட்டை பட்டையாக ஒரு மூலையில் கூடியிருக்கும். அடுத்த கல்லை ஒட்டும்போது நிறம் கூடிய பகுதி அடி நுனிப் பக்கம் வருமாறு வையுங்கள், மேலேயிருந்து பார்த்தால் கல் முழுக்க ஊதாவாகத் தெரியும். மேலே வைத்தால் ஓரமாக ஒரு கறை மாதிரி நிற்கும். அரக்கு உருக்கும்போது கல்லை நேரடியாகச் சுடரில் காட்டாதீர்கள், குச்சியைச் சூடாக்கினால் போதும். மலைக்குளிரில் சில்லென்று இருக்கும் கல் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும், ஒட்டும் முன் விளக்கின் பக்கத்தில் சற்று நேரம் வைத்திருங்கள்.

1200 வரை சுத்தமாக வருகிறது, பாலிஷ் தட்டுக்குப் போனதும் எங்கிருந்தோ கீறல் விழுகிறது. பைத்தியம் பிடிக்கிறது. – சூரமங்கலம்

முந்தைய தட்டின் துகள் ஒன்று கூடவே வருகிறது. குச்சியில் அரக்குக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலும், உங்கள் நகத்துக்கு அடியிலும்தான் அது ஒளிந்திருக்கும். ஒவ்வொரு தட்டு மாற்றும்போதும் கல், குச்சி, கை, தண்ணீர் சிதறிய இடம் எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவுங்கள். தட்டுகளைத் தனித்தனி உறையில் வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்று அடுக்கவே கூடாது. தண்ணீரையும் பாருங்கள், போர் தண்ணீராக இருந்தால் உப்புப் படிந்து சீரியம் கட்டியாகும்; மேட்டூர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். பாலிஷ் தட்டில் கல் ஓடும்போது மெத்தென்ற சத்தம்தான் வர வேண்டும், 'சர்ர்' என்று ஒரு இழுப்பு கேட்டால் அடுத்த நொடி கல்லைத் தூக்கிவிடுங்கள். சில சமயம் எந்தத் துகளும் இல்லாமலே கீறும், அப்போது தட்டின் வேகத்தைக் குறைத்துக் கல்லை வேறு திசையில் நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, பாதிப் பேருக்கு அது பாலிஷ் கீறலே இல்லை. 600-இல் விழுந்த ஆழமான கோடு 1200-இல் போகாமல் மங்கலுக்குள் மறைந்திருக்கும், பளபளப்பு வந்ததும்தான் கண்ணில் படும். 1200 முடிந்ததும் பட்டையைத் துடைத்து, பல்பு வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும்படி சாய்த்து லூப்பில் பாருங்கள்.

ஜோசியர் கனக புஷ்பராகம் போடச் சொன்னார். விலை கட்டுப்படியாகவில்லை. மஞ்சள் டோபாஸ் வாங்கி நானே தீட்டிப் போட்டுக்கொண்டால் பலிக்குமா? – அம்மாபேட்டை

பலிக்குமா என்பதை ஜோசியரிடமே கேளுங்கள், அது என் டிபார்ட்மென்ட் இல்லை. கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அவர் சொன்ன கனக புஷ்பராகம் மஞ்சள் குருந்தம், கடினம் 9. டோபாஸ் வேறு கனிமம், கடினம் 8. டோபாஸில் ஒரு தளம் உண்டு, அந்தத் தளத்தில் வெட்டியது போலப் பிளந்துகொள்ளும். மேல் முகப்பு அந்தத் தளத்துக்கு இணையாக வந்துவிட்டால் பாலிஷே ஏறாது, அதனால் ஐந்தாறு டிகிரி சாய்த்து ஒட்ட வேண்டும். முதல் கல்லாக இதை எடுக்காதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மிஷின் வாங்கக் காசு இல்லை. கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா அண்ணா? பிழைக்கலாமா? – கொண்டலாம்பட்டி

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழில். சொந்தக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் லீவில் போய் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார் தம்பி. குச்சியில் வரிசையாகக் கல்லை ஒட்டுவது, பட்டை சேருகிற முனையைக் கண்ணாலேயே சரிபார்ப்பது, இதையெல்லாம் எழுத்தில் சொல்லித் தர முடியாது. மிஷின் கிடைத்ததும் உடைந்த சோடா பாட்டிலின் தடித்த அடித்துண்டில் பழகு. கண்ணாடி மெத்தென்று வெட்டும், கெட்டுப்போனாலும் நஷ்டமில்லை, கோணம் படிகத்துக்கு வைப்பதே சரியாக இருக்கும்.

பிழைப்பு என்று கேட்டால், கூலிக்குக் கல் தீட்டுகிறவர்கள் கஷ்டத்தில்தான் இருக்கிறார்கள், மறைக்க விரும்பவில்லை. பட்டை தீட்டுவதோடு ரத்தினங்களைச் சோதித்து அடையாளம் காணும் படிப்பையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு நகைத் தொழிலில் இடம் உண்டு. ஜெய்ப்பூரில் அதற்குக் கல்வி நிறுவனம் இருக்கிறது. முதலில் பன்னிரண்டாவதை முடி.

அடுக்குமாடியில் இருக்கிறேன். தீட்டிய சேற்றுத் தண்ணீரை சிங்க்கில் ஊற்றலாமா? – ஃபேர்லேண்ட்ஸ்

கூடாது. கல் சேறு குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும், கீழ் வீட்டுக்காரரோடு சண்டை வரும். ஒரு வாளியில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள், மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடிச்சேற்றை ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.